திரும்பி வரும் செலவு

புனேயில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்தது. மேலே கொட்டை எழுத்தில்: ‘விண்கலம் தாங்கி. நீளம் 900 மீட்டர். போர்க்கலங்கள் 60.’ பையன் தமிழில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதிக்கொண்டிருக்கிறான். இருபத்து நான்காம் நூற்றாண்டு, வியாழன் கிரகத்துக்கு அப்பால் ஒரு யுத்தம். ‘கதையை அப்புறம் படிக்கலாம் மாமா, முதலில் கப்பல் சரியா என்று சொல்லுங்கள்’ என்று ஒரு குறிப்பும் இருந்தது.

கப்பல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே நீண்ட ஓடுதளம். வலது ஓரத்தில் ஒரு கோபுரம், அதில் கேப்டனுக்கு ஜன்னல். அடியில் படகு மாதிரி வயிறு. போனில் கூப்பிட்டேன்.

“கோபுரம் ஏண்டா வலது பக்கம்?”

“விக்ராந்த்ல அப்படித்தானே மாமா இருக்கு?”

“ஸ்பேஸ்ல ஏதுடா வலது, இடது? சரி, ஓடுதளம் எதுக்கு?”

“கலங்கள் எல்லாம் இறங்கறதுக்கு.”

“எடையே கிடையாதே, எதை அழுத்திக்கிட்டு ஓடும்?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: “ஸ்டார் வார்ஸ் பார்க்கறப்ப யாரும் இப்படியெல்லாம் கேக்கறதில்ல மாமா.”

வாஸ்தவம்தான். யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஒரு கற்பனைக் கப்பலை வடிவமைக்க உட்கார்ந்தால், நாம் எதைக் கேள்வி கேட்காமல் கடன் வாங்குகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. எனவே இந்த வாரம் அவனுடைய கப்பல்.

முதலில் கடலில் விமானம் தாங்கிக் கப்பல் ஏன் பிறந்தது என்று பார்க்கலாம். நீர் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் அடிவானம் 16 கிலோ மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பதை பூமியின் வளைவு மறைத்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களிலேயே மிகப் பெரிய பீரங்கிகள் ஜப்பானின் யமாட்டோவில் இருந்தன. குழாயின் வாய் மட்டும் 46 சென்டிமீட்டர். அவற்றின் குண்டு சுமார் 40 கிலோ மீட்டர் போகும். விமானமோ பல நூறு கிலோ மீட்டர் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியது. கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 55 கிலோ மீட்டர் போவதற்கே படாத பாடு படுகிறது. காற்றில் போகும் விமானத்துக்கு அதைப்போல் ஏழெட்டு மடங்கு வேகம்.

ஆக, தாங்கிக் கப்பல் என்று ஒன்று இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பூமி உருண்டையாக இருக்கிறது. மற்றொன்று, கப்பல் இருப்பது தண்ணீரில், விமானம் பறப்பது காற்றில். விண்வெளியில் இந்த இரண்டுமே கிடையாது. அடிவானம் இல்லை. பெரிய கலமும் சிறிய கலமும் ஒரே வெற்றிடத்தில்தான் மிதக்கின்றன. சின்னதாக இருப்பதாலேயே ஒன்று வேகமாகப் போய்விடாது.

இருந்தும் விண்வெளிக் கதைகளில் தாங்கிகளுக்குக் குறைவே இல்லை. காரணம், கதை எழுதினவர்களும் படம் எடுத்தவர்களும் இரண்டாம் உலகப் போரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லது அதைப் பற்றிய சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஜார்ஜ் லூகாஸ் பழைய விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டி, இப்படித்தான் வேண்டும் என்று தன் தந்திரக் காட்சிக் குழுவுக்குக் காட்டினார். அந்தப் படத்தின் கலங்கள் வெற்றிடத்திலும் காற்றில் சாய்ந்து திரும்புவது போலத் திரும்புவதன் ரகசியம் இதுதான்.

ஜப்பானியர்கள் இன்னும் நேராகவே போனார்கள். யமாட்டோவை 1945 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்கத் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். 1974ல் ஜப்பான் டி.வி.யில் வந்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்ற கார்ட்டூன் தொடரில், மூழ்கிய அதே கப்பல் விண்கலமாகி எழுந்து வருகிறது. அதைத் துரத்தும் எதிரிகளிடம் மூன்று அடுக்கு ஓடுதளம் வைத்த தாங்கிகள் இருக்கின்றன. மூன்று அடுக்கு வெறும் கற்பனை அல்ல. 1920களில் கட்டப்பட்ட அகாகி, காகா என்ற இரண்டு ஜப்பானியத் தாங்கிகள் முதலில் அப்படித்தான் இருந்தன. அது உதவாது என்று கண்டு பின்னால் ஒரே தளமாக மாற்றினார்கள். 1942 ஜூனில் மிட்வே சண்டையில் இரண்டும் மூழ்கின. கடல் கைவிட்ட வடிவம் கார்ட்டூனில் மறுபிறவி எடுத்தது.

இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பார்க்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஆனால் என் மருமகன் கேட்டது ‘அழகாக இருக்கிறதா’ என்று அல்ல, ‘சரியா’ என்று. அதற்குப் பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட்டாக வேண்டும். பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கடலில் எஞ்சினை நிறுத்தினால் கப்பல் தானே நின்றுவிடும். விண்வெளியில் எதுவும் தானாக நிற்காது. ஒரு போர்க்கலம் தாய்க்கலத்தை விட்டுக் கிளம்பி, விநாடிக்கு 1 கிலோ மீட்டர் வேகத்தில் 10,000 கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் எதிரியிடம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளம்ப ஒரு தரம் எஞ்சினை எரிக்க வேண்டும். அங்கே போய் நிற்க இன்னொரு தரம். திரும்பிக் கிளம்ப மூன்றாம் தரம். தாய்க்கலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க நான்காம் தரம். ஆக மொத்தம் விநாடிக்கு 4 கிலோ மீட்டர் வேக மாற்றத்துக்கு எரிபொருள் வேண்டும்.

எவ்வளவு? ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியால்கோவ்ஸ்கி 1903லேயே இதற்குச் சூத்திரம் வெளியிட்டுவிட்டார். இன்று ராக்கெட்டில் பயன்படும் திரவ ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிந்து விநாடிக்கு சுமார் 4.4 கிலோ மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஆளும் ஆயுதமும் சேர்த்து 10 டன் உள்ள ஒரு கலம் கிளம்பும்போது கிட்டத்தட்ட 15 டன் எரிபொருள் சுமக்க வேண்டும். அதே 10 டன்னை ஓர் ஏவுகணையாகச் செய்தால் அது நிற்க வேண்டாம், திரும்பவும் வேண்டாம். அதே வேகத்தில் போய் மோத 2.5 டன் எரிபொருள் போதும். 15 டன்னையும் அதற்கே கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு வேகத்தில் போகும். போர்க்கலம் 2 மணி 47 நிமிடத்தில் போகும் இடத்துக்கு ஏவுகணை 42 நிமிடத்தில் போய்விடும்.

இருபத்து நான்காம் நூற்றாண்டில் இதைவிட நல்ல எஞ்சின் இருக்கும் என்று பையன் சொன்னான். இருக்கட்டும். அந்த எஞ்சினை எதிரி ஏவுகணையிலும் வைப்பானே! எஞ்சின் மாறினால் டன் மாறும். நாலுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. போவதற்கு ஆகும் செலவு ஒரு பங்கு என்றால் மற்ற மூன்று பங்கும் நிற்பதற்கும் திரும்பி வருவதற்கும்தான்.

“அப்ப என் கப்பலே வேண்டாம்கிறீங்களா?” என்றான், குரல் இறங்கிப்போய்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் வேண்டும் என்கிறேன். கடல் இலவசமாகக் கொடுத்த காரணத்தை விண்வெளி கொடுக்காது. வடிவமைப்பவன்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள், நிஜத்திலும் கற்பனையிலும்.

தாயும் பிள்ளையும் ஒரே ஊடகத்தில் இயங்கிய தாங்கி ஒன்று உண்மையிலேயே இருந்தது. கடலில் அல்ல, வானத்தில். 1930களில் அமெரிக்கக் கடற்படை அக்ரான், மேகன் என்று இரண்டு ராட்சத ஆகாயக் கப்பல்கள் வைத்திருந்தது. மேகனின் நீளம் 239 மீட்டர். வயிற்றுக்குள் ஐந்து குட்டி விமானங்கள். ஊஞ்சல் மாதிரி ஒரு கம்பியைக் கீழே தொங்கவிடுவார்கள். பறந்து வரும் விமானம் தன் முதுகில் உள்ள கொக்கியை அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு உள்ளே தூக்கிக்கொள்வார்கள். சக்கரம்கூட வேண்டாம் என்று கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி மாட்டியதும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குட்டி விமானங்கள் முதலில் காவலுக்கு என்று வந்தன. போகப் போக அவை கண்களாகிவிட்டன. தாய் பத்திரமாகத் தள்ளி நிற்கும், பிள்ளைகள் நாலா பக்கமும் போய்ப் பார்த்துச் சொல்லும். இரண்டு கப்பல்களுமே மோசமான வானிலையில் அழிந்தன. 1933ல் அக்ரானோடு 73 பேர் போனார்கள். 1935ல் மேகன் விழுந்தபோது இரண்டு பேர். அவற்றின் பாடம் மிச்சம் இருக்கிறது. தாய்க்கலம் இருக்கும் அதே வெளியில் பிள்ளைக்கலத்துக்கு நியாயமான வேலை, அடிப்பதைவிடப் பார்ப்பதுதான்.

இன்னொரு நியாயமான காரணம், பெரியது போக முடியாத இடத்துக்குச் சின்னது போவது. இதற்கு உதாரணம் தேடிக் கதைக்குள் போக வேண்டியதில்லை. 1969 ஜூலையில் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பியா ஒரு தாய்க்கலம். அதிலிருந்து இறங்கிய ஈகிள் அதன் பிள்ளை. பூமிக்குத் திரும்பும் வெப்பக் கவசத்தையும் அதற்கான எரிபொருளையும் நிலாத் தரைவரை இறக்கி மறுபடி ஏற்றுவது வீண் சுமை என்று ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் விடாமல் வாதாடினார். 1962ல் நாஸா ஒப்புக்கொண்டது. அப்படித்தான் சிலந்தி மாதிரி கால் வைத்த அந்த அவலட்சணமான கலம் பிறந்தது. காற்றே இல்லாத இடத்தில் பறப்பதற்கு மூக்கு எதற்கு, இறக்கை எதற்கு என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இதுவரை உருவான விண்கலங்களில் மிக நேர்மையான வடிவம் அதுதான்.

ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் நின்றதைத்தான் உலகம் பார்த்தது. மேலே கொலம்பியாவில் மைக்கேல் காலின்ஸ் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஈகிளை மேலே கிளப்ப ஒரே ஒரு எஞ்சின்தான், மாற்று கிடையாது. அது பற்றாமல் போனால் காலின்ஸ் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். மாதக்கணக்காகத் தன்னை ரகசியமாக வாட்டிய பயம் இதுதான் என்று பின்னால் அவரே எழுதினார். அப்படி ஏதாவது ஆனால் ஜனாதிபதி நிக்ஸன் படிப்பதற்கு ஓர் இரங்கல் உரைகூடத் தயாராக இருந்தது. நல்ல வேளை, அது தேவைப்படவில்லை.

காலின்ஸை ஏன் இழுக்கிறேன் என்றால், தாய்க்கலம் என்பதன் சாரம் அவரிடம்தான் இருக்கிறது. அனுப்புவது பெரிய விஷயமே அல்ல. ஒரு பீரங்கிகூட அனுப்பும். தாங்கி என்பது காத்திருக்கும் கப்பல்.

கற்பனைக் கப்பல்களில் நன்றாக நின்றவை இதைப் புரிந்துகொண்டவைதான். 1994 முதல் 1998 வரை அமெரிக்க டி.வி.யில் வந்த ‘பாபிலன் 5’ தொடரில் 8 கிலோ மீட்டர் நீளமுள்ள ஒரு விண்வெளி நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு எடை கிடைக்கச் செய்த ஏற்பாடு. போர்க்கலத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவித்தால் போதும், ராட்டினத்திலிருந்து நழுவிய செருப்பு மாதிரி கலம் தானே வெளியே போய்விடும். ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லை. அந்தக் கலங்களுக்கு எஞ்சின்கள் நான்கு கைகளின் நுனியில் இருக்கும். முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பிப் பின்னால் வருகிறவனைச் சுடும். காற்றில் முடியாது, வெற்றிடத்தில் முடியும். இடத்தின் சட்டத்தை மதித்ததால் கிடைத்த அழகு அது.

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 1978ல் ஒரு தரம் வந்தது. 2003ல் புதுப்பித்து எடுத்தார்கள். புதியதில் கலாக்டிகா கிழட்டுத் தாங்கி. ஓய்வு கொடுத்து அருங்காட்சியகமாக்கும் அன்றுதான் எதிரி தாக்குகிறான். புதுக் கப்பல்களெல்லாம் கம்ப்யூட்டர் வலையில் இணைந்திருந்ததால் ஒரே அடியில் செயலிழக்கின்றன. இணைக்காத கிழம் தப்பிக்கிறது. எனக்கு இதைப் பார்த்தபோது நம்முடைய பழைய விக்ராந்த் ஞாபகம் வந்தது. 1971 டிசம்பரில் வங்கக் கடலிலிருந்து சிட்டகாங்குக்கும் காக்ஸ் பஜாருக்கும் விமானம் அனுப்பிய கப்பல். 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றது. மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. அதன் பிறகு எந்த எதிரியும் வந்து அதைக் காப்பாற்றவில்லை. 2014ல் உடைக்க ஆரம்பித்தார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் ஒரு மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. பெயர் மட்டும் 2022 செப்டம்பரில் கொச்சியில் புதுக் கப்பலுக்குப் போனது.

கலாக்டிகாவில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது சண்டை அல்ல. தாய்க்கலம் ஒரே தாவலில் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடியது. தாவுவதற்கு முன் வெளியே இருக்கும் அத்தனை போர்க்கலங்களும் உள்ளே வந்தாக வேண்டும். வராதவன் போனவன்தான். மிஞ்சிய மனிதர்கள் எத்தனை பேர் என்று ஜனாதிபதி அம்மாள் ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பாள். எண் குறைந்துகொண்டே வரும். 900 மீட்டர், 60 கலங்கள் என்பதைவிடக் கப்பலைப் பற்றி அந்தப் பலகைதான் அதிகம் சொல்கிறது.

இங்கே பையன் இன்றைய கேள்வியைக் கேட்டான்: “ஆளில்லாமலே அனுப்பிட்டா என்ன மாமா? இப்ப எல்லாம் ட்ரோன்தானே?”

நியாயமான கேள்வி. ஆள் இல்லை என்றால் காற்று வேண்டாம், வெப்பம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பி வர வேண்டாம். அந்த மூன்று பங்கு செலவு மிச்சம். உள்ளே ஆள் இல்லாத கலத்தை ஏன் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கப்பிள்ளை கேட்பார். பதில் இருக்காது. அது ஏவுகணை ஆகிவிடும், தாங்கிக் கப்பல் ஏவுகணைக் கிடங்கு ஆகிவிடும். அப்படிப்பட்ட யுத்தம் நடக்கலாம். ஒருவேளை அதுதான் நடக்கும். ஆனால் பையன் எழுத வந்தது கிடங்கைப் பற்றி அல்ல. ஆள் உள்ளே இருக்கிறான் என்று முடிவு செய்தால், அவன் திரும்பி வருவதற்கான விலையைக் கதையில் கொடுத்தாக வேண்டும்.

அவன் கதையை வாங்கிப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் தாய்க்கலம் வெற்றியோடு ஊருக்குக் கிளம்புகிறது. ‘பதினொரு கலங்கள் திரும்பவில்லை’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் பாராட்டு விழா.

அந்த ஒரு வரியில்தான் நான் தடுக்கி நின்றேன். அவனிடம் 1944 ஜூன் 20ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். பிலிப்பைன் கடலில் அமெரிக்கத் தளபதி மிட்ஷர் மாலை வேளையில் 200க்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பினார். எதிரி வெகு தூரத்தில் இருந்தான். திரும்ப எரிபொருள் போதுமா என்ற சந்தேகம் கிளம்பும்போதே இருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிரி நீர்மூழ்கிகள் சுற்றும் கடலில் போர்க் கப்பல்கள் விளக்கு ஏற்றக் கூடாது என்பது சட்டம். மிட்ஷர் விளக்குகளைப் போடச் சொன்னார். வானத்தை நோக்கித் தேடுவிளக்குகள் எரிந்தன. எந்தக் கப்பல் தெரிகிறதோ அதில் இறங்குங்கள் என்று உத்தரவு. அப்படியும் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் சுமார் 80 விமானங்கள் நாசமாயின. ஆனால் ஆட்களில் பெரும்பாலோரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

விண்வெளியில் விழுவதற்குத் தண்ணீர் கிடையாது. திரும்பி வருகிற கலத்துக்கு நான்காவது எரிப்புக்கு மட்டும் எரிபொருள் இல்லாமல் போய்விட்டது என்று வையுங்கள். அது விழாது, நிற்கவும் செய்யாது. விநாடிக்கு 1 கிலோ மீட்டர் வேகத்தில் தாய்க்கலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஆள் உயிரோடு இருப்பான், ரேடியோவில் பேசுவான், காற்று தீரும்வரை. 50,000 டன் தாய்க்கலம் அவனைத் தொடர்ந்து போய் அவன் வேகத்துக்கு வருவதற்கு மட்டும் 10,000 டன் எரிபொருள் ஆகும். ஒருவனுக்காக 10,000 டன். எந்தக் கேப்டன் செய்வார்?

கடலில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தாங்கிக் கப்பலில் விமானங்கள் ஏறி இறங்கும்போது பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இருக்கும். அதற்கு வேறு வேலை கிடையாது. எவனாவது தண்ணீரில் விழுந்தால் தூக்க வேண்டும், அவ்வளவுதான். விண்வெளியிலும் அப்படி ஒரு மீட்புக் கலம் வைக்கலாம். தப்பிப் போகிறவனைப் பிடிக்க அது இரண்டு கிலோ மீட்டர் வேகம் எடுக்க வேண்டும், ஒன்றைக் குறைத்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும், திரும்பி வந்து நிற்க இன்னும் மூன்று. மொத்தம் விநாடிக்கு 6 கிலோ மீட்டர். 10 டன் கலத்துக்கு 29 டன் எரிபொருள். சுடாத, யாரையும் அழிக்காத ஒரு கலத்துக்கு, போர்க்கலத்தைப்போல் இரண்டு மடங்கு.

உள்ளே வந்து சேர்வதும் லேசான காரியம் இல்லை. சினிமாவில் வாசலுக்குள் சர்ரென்று பாய்ந்து நிறுத்துகிறார்கள். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ இரண்டு சிறிய விண்கலங்களைச் சுற்றுப் பாதையில் ஒன்றோடொன்று இணைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. கடைசி நெருக்கத்துக்குத் திட்டமிட்ட வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். அதற்கே தேதியைத் தள்ளிப் போட்டார்கள், நெருங்கி வந்து மறுபடி விலக்கினார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா போன்ற வெகு சில நாடுகளே அதுவரை தனியாகச் செய்திருந்த வேலை. வீட்டு வாசலில் கடைசி ஓர் அடி எடுத்து வைப்பதுதான் எப்போதும் கஷ்டம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, “படத்தை முன்னாலிருந்து வரையாதே, பின்னாலிருந்து வரை” என்றேன். எப்படிக் கிளம்பும் என்பதை விட்டுவிட்டு, எப்படித் திரும்பும், எத்தனை பேருக்கு இடம், யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் ஆரம்பித்தால் மிச்சக் கப்பல் தானே வந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது படம் வந்தது. ஓடுதளம் போய்விட்டது. கோபுரமும் இல்லை. கப்பலில் முக்கால்வாசி எரிபொருள் தொட்டி. பார்க்க, சமையல் காஸ் சிலிண்டர்களை அடுக்கிக் கயிறு கட்டின மாதிரி இருக்கிறது. அழகென்று சொல்ல முடியாது. 60 போர்க்கலங்கள் 16 ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு ‘விளக்கு’ என்று எழுதியிருக்கிறான். ஓரத்தில் இரண்டு மீட்புக் கலங்கள். கீழே ஒரு வரி: ‘போய் வர 5 மணி 33 நிமிடம். காத்திருப்பு 6 மணி.’

போனில் வந்தான். “மீட்புக் கலத்துக்குத் தொட்டி வச்சதுல நாலு போர்க்கலம் குறைஞ்சு போச்சு மாமா. இல்லேன்னா இருபது வந்திருக்கும்.”

“பரவாயில்லை. கதை என்ன ஆச்சு?”

“மாத்திட்டேன். பதினொண்ணு இல்ல, இப்ப மூணு பேர்தான் நிக்க முடியாம தாண்டிப் போறாங்க. ஆறு மணி நேரம் ஆயிடுச்சு, கேப்டன் கிளம்பல. ரெண்டு மீட்புக் கலத்தையும் அனுப்பிட்டார்.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆனா ஒரு கலத்துல ஒருத்தரைத்தான் கூட்டிட்டு வர முடியும். மூணாவது ஆளை என்ன பண்றதுன்னு தெரியல மாமா.”

எனக்கும் தெரியவில்லை என்றேன். யோசித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.